இரும்பும் அதன் சுற்றமும்

திருவைகுண்டத்தில் ஆற்றிய உரை



பொருநைக் கரையில் இரும்பைப் பற்றிப் பேசத் தயக்கம் வேண்டியதில்லை. நமக்கு அண்மையிலுள்ள ஆதிச்சநல்லூரை அலெக்சாண்டர் இரீ 1899 முதல் அகழ்ந்தபோது, தாழிகளோடு இரும்புக் கருவிகளும் வெளிப்பட்டன. இன்று யான் பேசப்போவதோ உயிர்க்குள் தொழில்செய்யும் இரும்பு.

வாழைப்பூ நறுக்கிய அரிவாள்மணை கறுப்பதை நம் இல்லங்களிற் காண்கின்றோம். வாழையின் துவர்ப்பொருள் இரும்பைப் பற்றுவதால் வரும் கறை அது. பற்றுகின்ற அவ் இணைக் கைகளை உடைய எளிய சேர்மம் ஒன்றுண்டு, கேட்டக்கால் என்பர். பெயர் அயலது, பொறுத்தருள்க. ஆறு கரிமங்கள் கைகோத்த அதன் வளையம் எளிதில் உடையாது. ஆனால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை உடைத்து உணவாக்குகின்றன. அவற்றின் நொதியிலுள்ள ஓர் இரும்பணுவே காற்றின் உயிர்வளியைக் கொண்டு வளையத்தை அறுக்கிறது. இவ்வேலை நடவாவிடின் பாறைநெய்க் கசிவு போன்ற கழிவுகள் மண்ணில் தேங்கிவிடும்.

இரும்பு தனித்து நிற்பதில்லை. மின்னணு இணைகளை ஈந்து அதனைச் சூழ்ந்து பற்றும் அணுக்கூட்டத்தைப் பாடநூல் ஈனி என்கிறது. ஈன்றெடுத்தலை நினைவூட்டும் அச்சொல் எனக்கு உவப்பில்லை. ஈவது அதன் தொழிலாகலின் ஈவி என்பேன்.

திருச்சிராப்பள்ளிப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பழனியாண்டவரும் அவர்தம் மாணவரும் இதனைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தனர். நொதியின் பெரும்புரதத்தை விடுத்து, இரும்பையும் சிறு ஈவிகளையும் மட்டும் கொண்டு சேர்மங்களைச் சமைத்தனர். கேட்டக்கால் சேர்ந்ததும் கரைசல் நீலமோ ஊதாவோ கொள்ளும். வளையம் அறுபட அறுபட அந்நிறம் மங்கும். மங்கும் விரைவை அளந்தால் அறுக்கும் விரைவு தெரியும்.

ஈவி மின்னணுவை வாரி வழங்கினால் இரும்பு நிறைவுற்றுச் சோம்பிவிடும். ஈவதைச் சுருக்கினாலோ இரும்பின் பசி மிகும். கேட்டக்காலிடமிருந்தே மின்னணுவை இழுக்கும். அவ்வாறு இழந்த கேட்டக்கால் உயிர்வளிக்கு இடங்கொடுத்து அறுபடும். அமெரிக்காவில் இலாரன்சு கியூ குழுவினர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று பிரிடின் வளையங்கொண்ட ஈவி சூழ்ந்த இரும்பு மிக விரைந்து அறுத்தது. மாறாக, பீனாலேட்டுக் கையொன்று வந்தால் விரைவு குறையும். அக்கையிலேயே மின்னணுவை ஈர்க்கும் நைட்ரோவைப் பொருத்தினால் ஓரளவு மீளும்.

அறுபடும் இடமும் ஈவியால் மாறும் என்பதே எனக்குப் பெருவியப்பு. உயிர்வளி தாங்கிய இரு கரிமங்களுக்கு இடையே அறுப்பது ஒரு முறை; அவற்றை அடுத்து வெளியே அறுப்பது மறுமுறை. இரண்டும் வெவ்வேறு பொருளை விளைவிக்கும். ஈவி மூன்று கைகளால் இரும்பின் ஒரு முகத்தை மட்டும் பொத்தினால், எதிர்முகத்தில் உயிர்வளி வந்தமர இடங்கிடைக்கும். அப்போது வெளியறுப்பும் தோன்றுகிறது. இரும்பு அதே இரும்புதான்.

எனினும் நொதி ஒன்றை அறுத்து விட்டுவிட்டு அடுத்ததைப் பற்றுகிறது. நாம் சமைத்தவையோ பெரும்பாலும் ஒருமுறை அறுத்ததும் ஓய்கின்றன. நச்சுமண்ணைத் துப்புரவாக்க அவற்றை இன்னும் நம்ப இயலாமைக்குக் கரணியம் இதுவே. முன்வரிசையில் அமர்ந்துள்ள மேல்நிலை மாணவர்கள் ஐயமிருப்பின் எழுந்து கேட்கலாம்.