கடனும் நாட்டுப்பற்றும்



கடையில் நமது பற்று எல்லை மீறினால் அரிசி கிடைக்காது. அரசாங்கத்துக்கோ அந்தக் கவலையில்லை. எல்லையைச் சட்டத்தாலேயே உயர்த்திக்கொள்ளும்.

2018இல் நாட்டின் கடனும் பொறுப்பும் ஒரு லட்சம் கோடி ரிங்கிட்டைத் தாண்டியதென அறிவித்த அரசாங்கம், தாபோங் ஹராப்பான் நிதியைத் திறந்தது. நாட்டுப்பற்றின் பேரால் 20 கோடி ரிங்கிட்டுக்கு மேல் சேர்ந்தது. கடனில் அது ஏறத்தாழ ஐயாயிரத்தில் ஒரு பங்கே!

பிறகு, உள்நாட்டு மொத்த உற்பத்தியில் 55 சதவிகிதமாயிருந்த கடன் எல்லை, கோவிட் காலத்தில், 2020இல் 60 ஆகவும் 2021இல் 65 ஆகவும் உயர்ந்தது. நோயில் வாடிய மக்களைக் காக்கக் கடன் வாங்கியதை நாம் குறைகூறோம். ஆனால், ஆளும் வரிசையில் அமர்ந்தால் கடன் நாட்டுத்தொண்டு, எதிர்வரிசைக்குப் போனால் அதே கடன் நாட்டுக்குக் கேடு என்று பேசும் இரட்டை நாக்கை எந்தக் கட்சியிடமும் ஒப்போம்.

செக்ரோலில் ஒரு கிலோ பால் குறைந்தாலும் கிராணிமாராகிய நாங்கள் பதில் சொல்கிறோம். ஜோகூரில் வாக்குக் கேட்டு வருவோரும் பதில் சொல்லட்டும்: வாங்கியது எதற்கு? வட்டி யார் தலையில்?

உண்டியலில் காசு போடுவது மட்டுமா நாட்டுப்பற்று? கணக்குக் கேட்பதும் நாட்டுப்பற்றே!