கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர்: நகலும் மீட்பும்

(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நம்மில் பலரிடம் பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருள்கள் இன்னும் இருக்கின்றன. ஜாதகக் கணிதம், வாடகைக் கணக்கு என்று ஏதோ ஒன்று. விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது. எனவே, புதுக் கம்ப்யூட்டரில் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதற்குள் பழைய விண்டோஸை ஒரு 'விர்ச்சுவல் மெஷினாக' ஓட்டுகிறோம்.

என் தகப்பனார் பல வருஷங்கள் உழைத்துத் தொகுத்த எங்கள் வம்சாவளி அப்படி ஒரு மெஷினில்தான் இருக்கிறது. அவர் இன்று இல்லை. அது போனால் மறுபடி எழுத யாராலும் முடியாது. ஆகையால் அதை எப்படிக் காப்பாற்றி வருகிறேன் என்று சொல்கிறேன்.

"ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேனே, போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். போதாது. ஸ்னாப்ஷாட் எடுத்ததும் மூல டிஸ்க் ஃபைல் அப்படியே நின்றுவிடும். பிறகு செய்யும் மாறுதல்கள் வேறொரு ஃபைலில் சேரும். இரண்டும் சேர்ந்தால்தான் முழு மெஷின். இரண்டும் இருப்பது அதே ஹார்டு டிஸ்கில். டிஸ்க் பழுதானால் எல்லாமே போச்சு. மூல ஃபைலை மட்டும் காப்பி செய்தாலோ, பழைய நிலைதான் கிடைக்கும்.

நான் செய்வது இதுதான். முதலில் உள்ளே இருக்கும் விண்டோஸை முறைப்படி 'ஷட் டவுன்' செய்வேன். ஓடிக்கொண்டிருக்கும்போது காப்பி செய்தால், பாதி எழுதிய நிலையில் ஃபைல் சிக்கிக்கொள்ளும். பிறகு 'ஃபைல்' மெனுவில் 'எக்ஸ்போர்ட் அப்ளையன்ஸ்'. முழு மெஷினும் ஓ.வி.ஏ. என்ற ஒரே ஃபைலாக வந்துவிடும். அதில் இன்றைய நிலை மட்டுமே வரும். பழைய ஸ்னாப்ஷாட்கள் வரமாட்டா. அந்த ஃபைலை இரண்டு வெளி டிஸ்குகளில் வைத்து, ஒன்றை என் தங்கை வீட்டில் கொடுத்திருக்கிறேன். பென் டிரைவ் 'ஃபேட் 32' முறையில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது. 'எக்ஸ்ஃபேட்' அல்லது 'என்.டி.எஃப்.எஸ்.' முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும்போது அதிலுள்ளதெல்லாம் அழிந்துவிடும், ஜாக்கிரதை.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். திறந்து பார்க்காத நகலை நம்பக்கூடாது. வருஷத்துக்கு ஒரு முறையாவது வேறொரு கம்ப்யூட்டரில் 'இம்போர்ட் அப்ளையன்ஸ்' மூலம் அதை ஏற்றி, நெட்வொர்க் இணைப்பைத் துண்டித்துவிட்டு, மெஷினை ஓட்டிப் பாருங்கள். மென்பொருளைத் திறந்து, கடைசியாகச் சேர்த்த பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இடம் மாறியதால் விண்டோஸ் மறுபடி ஆக்டிவேஷன் கேட்கலாம்; சாவி எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பிள்ளைகளின் புதிய ஆப்பிள் மேக்கில், அதாவது 'எம்' வரிசைச் சில்லு உள்ளவற்றில், விர்ச்சுவல்பாக்ஸ் வழியாக இந்தப் பழைய விண்டோஸ் ஓடாது. இன்டெல் அல்லது ஏ.எம்.டி. கம்ப்யூட்டரில்தான் பரீட்சை செய்யவேண்டும்.

இந்தப் பரீட்சையை நீங்களே செய்யாமல், வீட்டில் இன்னொருவரைச் செய்யச் சொல்லி அருகில் உட்காருங்கள். அவரால் முடிந்தால், நமக்குப் பிறகும் அது பிழைக்கும்.