முகவரிப் பட்டியலைப் பெயர்த்து நடுதல்

(குடந்தையில் தமிழிதழ் நடத்துவோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



எனக்குத் தரப்பெற்ற தலைப்பு வறண்டது போலத் தோன்றும். மின்மடல் வழியாக இதழும் அறிக்கையும் விடுக்கின்ற நாம், நம் படிப்பாளர்தம் முகவரிப் பட்டியலை ஒரு மடற்பணி நிறுவனத்தினின்று வேறொன்றிற்கு மாற்றுவது எவ்வாறு என்பதே அது. கணினி வல்லார் பேச வேண்டிய இதில் தமிழாசிரியனுக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். வெறும் பொறிநுட்பமாயின் எனக்கு வேலையில்லைதான். ஆயினும் இஃது ஒரு சொல்லின் பொருளைப் பற்றிய செய்தியாகவும் இருக்கின்றது. ‘பட்டியல்’ என்னும் சொல்லுக்கு நாம் என்ன பொருள் கொள்கின்றோமோ, அதனைப் பொறுத்தே இவ்வேலை செம்மையுறுவதும் சீர்கெடுவதும் அமைகின்றன.

அதற்கு நல்ல விளக்கம் இவ்வூரிலேயே உண்டு. குடந்தைக் கல்லூரியில் 1880 முதல் 1903 வரை தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சேற்றி வெளியிட்டார். தாளுக்கும் அச்சுக்கூலிக்கும் கைப்பொருள் போதாத நிலையில், நூல் வெளிவருமுன்னரே அதனை வாங்கிக்கொள்ள ஒப்பியவரிடம் கையொப்பம் பெற்று அவ்வரும்பணியை நடத்தினார். அவ்வாறு ஒப்பியவர்க்கு அக்காலத்தார் இட்ட பெயர் ‘கையொப்பக்காரர்’ என்பது. எத்துணைப் பொருத்தமான சொல்! ஒப்பம் என்பது உடன்பாடு. ‘என் பெயரைக் குறித்துக்கொள்க, நூலை எனக்கு விடுக்க’ என்று ஒருவர் தம் கையாலேயே தந்த இசைவு அது. ஆகவே பட்டியல் என்பது பெயர்க் குவியலன்று, இசைவுகளின் தொகுதி. இதனை உள்ளத்தில் நிறுத்திக்கொண்டால், நான் மேலே கூறப்போகும் யாவும் தாமே விளங்கும்.

நாம் ஏன் இடம் மாறுகின்றோம்? முதற் கரணியம் கட்டணம். 2001-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் தோன்றிய மெயில்சிம்ப் என்னும் மடற்பணியை நம்மவர் பலர் கையாண்டனர். முன்பு 2,000 முகவரி வரை அது கட்டணமின்றி இடந்தந்தது. 2021-இல் இன்டுயிட் நிறுவனம் அதனை ஏறத்தாழ 1,200 கோடி தாலருக்கு வாங்கிற்று. 2023-இன் தொடக்கத்தில் அவ்வளவு 500 முகவரியாகச் சுருங்கிற்று. சிற்றிதழ் நடத்துவோர்க்கு இஃது எளிய சுமையன்று.

இரண்டாவது கரணியம் இன்னும் கொடியது. நாம் குடியிருக்கும் வீடே இடிக்கப்படுவதுண்டு. தமிழர் பலர் ஆண்டுக்கணக்கில் மடலாடிய யாகூ குழுக்கள், 2019-இல் பழைய மடல்களை அழிக்கப்போவதாக அறிவித்து, 2020 திசம்பர் 15 அன்று முற்றாக மூடப்பட்டன. ‘மரத்தடி’, ‘ராயர் காப்பி கிளப்’ போன்ற தமிழ்க் குழுக்கள் யாகூவில் வளர்ந்தவையே. துவிட்டர் வாங்கிய ‘ரெவ்யூ’ 2023 சனவரியிலும், மெயில்சிம்ப் வாங்கிய ‘டைனிலெட்டர்’ 2024 பிப்பிரவரி 29-ஆம் நாளிலும் மூடப்பட்டன. படியெடுத்து வைத்தவர் பிழைத்தனர். ‘இருக்கும், எங்கே போய்விடும்’ என்றிருந்தவர் இழந்தனர்.

இனி, மாற்றும் முறைக்கு வருவோம். காவிரி நாட்டார்க்கு நடவு பற்றி நான் கூற வேண்டுவதில்லை. நாற்றங்காலிற் பறித்த நாற்றை அப்படியே அள்ளி வயலில் எறிவாருண்டோ? வேரறாமற் பறித்து, களை நீக்கி, முடியாகக் கட்டி, பதமறிந்து நடுகின்றோம். நட்ட பயிர் பச்சைபிடிக்கச் சில நாள் பொறுக்கின்றோம். பட்டியலைப் பெயர்த்து நடுவதும் இதுவே.

முதலாவது, பிரித்தறிதல். பழைய நிறுவனத்தினின்று பட்டியலை இறக்குங்கால் அதனை நான்கு கூறாகக் காண்க. இசைவுடன் பெறுவோர் ஒரு கூறு. விலகியோர் ஒரு கூறு. முகவரி மாண்டமையால் மடல் திரும்பியவர் ஒரு கூறு. ஒரு நூல் வாங்கியதனாலோ கூட்டத்திற்கு வந்ததனாலோ பெயர் பதிந்து, மடல் வேண்டுமென்று என்றும் கூறாதவர் மற்றொரு கூறு. இந்நான்கையும் ஒரே கோப்பாக்கிப் புதிய இடத்தில் ஏற்றினால், புதிய நிறுவனம் அனைவரையும் இசைந்தவராகவே கொள்ளும். மூன்றாண்டுக்கு முன் ‘எனக்கு வேண்டா’ என்று விலகியவர் வீட்டுக் கதவை நாம் மீண்டும் தட்டுவோம்.

இங்கே ஒரு கண்ணி இருக்கின்றது. 2019 முதல் மெயில்சிம்ப் தன் புதிய கட்டணத் திட்டங்களில் விலகியோர் பெயரையும் எண்ணிக்கையிற் சேர்த்தது. கட்டணம் மிகுமே என்றஞ்சி அப்பெயர்களை அடியோடு அழித்துவிடுவாருண்டு. அழித்தபின், வேறெங்கோ கிடந்த பழைய கோப்பினின்று அதே முகவரி மீண்டும் ஏறும்பொழுது, அவர் விலகியவர் என்பதைக் கூற ஒரு சான்றும் இராது. ஆதலின் தோழர்களே, புதிய இடத்தில் முதன்முதல் ஏற்ற வேண்டியது விலகியோர் பட்டியலே. ‘இவர்க்கு விடுக்கற்க’ என்னும் தடைப்பட்டியலாக அதனைப் பதிந்துவிட்டுப் பின்னரே இசைந்தோர் பெயரை ஏற்றுக. வேண்டுமென்றவர் சொல்லை எல்லாரும் மதிப்பர். வேண்டாவென்றவர் சொல்லையும் மதிப்பவனே நடுநிலையாளன்.

இதனால் நமக்கு நேரும் கேட்டையும் எண்ணிப் பார்க்க. கூகுள், யாகூ ஆகியவற்றின் அஞ்சலகங்கள் 2024 பிப்பிரவரி முதல் புதிய கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தன. வேண்டா மடலென்று முறையிடுவோர் அளவு ஆயிரத்துக்கு மூன்றை எட்டலாகாது என்பது அவற்றுள் ஒன்று. ஆயிரம் பேர்க்கு மடல் விடுக்கின்றோம் என்க. விலகிய நாற்பதின்மரை அறியாமற் சேர்த்துவிட்டோம். அவருள் மூவர் சினந்து முறையிட்டால் போதும். பின்னர், நம் மடலை ஆவலுடன் எதிர்நோக்கும் எஞ்சியோர்க்கும் அது குப்பைப் பேழையிற் போய் விழலாம். ஒப்பாதவரை வலிந்திழுத்து ஒப்பியவரை இழப்பது என்ன கணக்கு?

இரண்டாவது, எழுத்து. பட்டியல் பெரும்பாலும் காற்புள்ளியாற் பிரித்த எளிய கோப்பாகவே இறங்கும். அதனை ஒருங்குறி வடிவில், யூ.டி.எப்.-8 என்னும் குறியேற்றத்திலேயே சேமிக்க. குறியேற்றத்தைக் குறிப்பிடாமல் அட்டவணைச் செயலியில் திறந்தால் தமிழ்ப்பெயர்கள் உருத்தெரியாத அயற்குறிகளாகத் தோன்றும். அவ்வாறு தோன்றினால் சேமியாமல் மூடிவிடுக. மூலக்கோப்பு கெடாமல் இருக்கும். பெயர்கள் வரிசையாக வினாக்குறிகளாய் மாறிச் சேமிக்கப்பட்டுவிட்டாலோ மீட்சியில்லை. எழுத்து மறைந்து குறி மட்டும் எஞ்சியது அது. இன்னும் பழைய பட்டியல் வைத்திருப்போர்க்கு வேறொரு வேலையுமுண்டு. ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே, 1991-இல், தமிழ் இடம்பெற்றது. எனினும் நெடுங்காலம் நம்மவர் ‘திசுக்கி’, ‘டாம்’, ‘டாப்’, ‘பாமினி’ எனப் பல குறியேற்றங்களில் எழுதினர். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் தன் மின்னூல்களைத் திசுக்கியினின்று ஒருங்குறிக்குப் பெயர்க்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டரசு 2010 சூனில் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அதற்கு முன் தட்டெழுதிய பெயர்களை மாற்றியின்றி ஏற்றற்க.

பெயரமைப்பிலும் ஓர் இடருண்டு. இப்பணிகள் பெரும்பாலும் மேலைநாட்டு வழக்கப்படி முதற்பெயர், குடிப்பெயர் என இரண்டு கட்டம் வைத்துள்ளன. தமிழர்க்குக் குடிப்பெயர் இல்லை. தந்தை அல்லது ஊர்ப்பெயரின் முன்னெழுத்தே உண்டு. க. மாறன் என்றொரு பெயரைக் கொள்வோம். கருதாமல் ஏற்றினால், ‘க.’ முதற்பெயராகவும் ‘மாறன்’ குடிப்பெயராகவும் பிரிந்து, ‘அன்புள்ள க. அவர்களுக்கு’ என்று மடல் போகும்! பெயர் முழுவதையும் ஒரே கட்டத்தில் இடுக. ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்கப் புகுந்து, அவர் பெயரையே வெட்டுவது முறையாகாது.

மூன்றாவது, அடையாளம். சோழர் ஓலைக்குப் புலிப்பொறி இட்டதுபோல, மின்மடலுக்கும் பொறியுண்டு. நம் தளப்பெயரின் பதிவேட்டில் மூன்று குறிப்புகள் எழுதப்பட வேண்டும். எசு.பி.எப். என்பது, ‘எம் பெயரால் மடல் விடுக்க இன்ன கணினிகட்கே இசைவு’ என்னும் வரி. டி.கே.ஐ.எம். என்பது, மடலில் இட்ட மறைபொறி மெய்யானதுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் திறவு. டிமார்க் என்பது, இவற்றுக்கு ஒவ்வாத மடலை என்செய்வது என்று பெறும் அஞ்சலகத்துக்கு நாம் கூறும் ஆணை. இடம் மாறுவோர் பலர் இங்கேதான் இடறுகின்றனர். பழைய நிறுவனத்துக்கு எழுதிய எசு.பி.எப். வரி இருக்கப் புதியதற்கென இரண்டாவது வரி எழுதுவர். ஒரு பெயர்க்கு ஒரு வரியே செல்லும். இரண்டிருப்பின் ஆய்வு பிழையென்றே முடியும். இரண்டு நிறுவனத்தையும் ஒரே வரியிற் சேர்த்தெழுதி, மாற்றம் முடிந்தபின் பழையதை நீக்குக.

நான்காவது, பொறுமை. கல்லணையில் ஒரேயடியாகத் தண்ணீரைத் திறந்தால் வாய்க்கால் உடையும். புதிய இடத்தினின்று முதல் நாளே அனைவர்க்கும் மடல் பாய்ந்தால், அறியாத இடத்து வெள்ளமென்று அஞ்சலகங்கள் ஐயுறும். அண்மையில் மறுமொழி எழுதியவர், இணைப்பைத் தொட்டவர் ஆகியோர்க்கு முதலில் விடுத்து, நாளடைவில் விரிக்க. மடலைத் திறந்தார் என்னும் கணக்கை மட்டும் நம்பற்க. 2021 முதல் ஆப்பிளின் அஞ்சற்செயலி, படிப்பவர் திறவாமலே மடலின் படங்களை முன்னரே இறக்கிவிடக்கூடும். பழைய கணக்கையும் உடனே மூடற்க. முன்பு விடுத்த மடல்களின் அடியிலுள்ள விலகல் இணைப்பு அங்கேதான் செல்லும். ஓரிரு திங்கள் அதனைத் திறந்து வைத்து, இடைக்காலத்தில் விலகுவோரைப் புதிய தடைப்பட்டியலிற் சேர்த்து வருக. வலைத்தளத்திலுள்ள பதிவுப் படிவத்தையும் புதிய இடத்திற்குத் திருப்ப மறவற்க. இன்றேல் புதிதாய் வருவோர் ஆளில்லா வீட்டில் பெயர் எழுதிச் செல்வர்.

ஐந்தாவது, வாயில். நம் இதழ் முழுவதும் தமிழ். அடியில் ‘விலகுக’ என்னும் ஒரு சொல் மட்டும் ஆங்கிலத்தில் இருப்பதைப் பல மடல்களிற் காண்கின்றேன். ஆங்கிலம் அறியாத ஒருவர் நம் மடலை நிறுத்த எண்ணினால் என்செய்வார்? உள்ளே வரும் வாயில் தமிழில், வெளியே போகும் வாயில் புரியாத மொழியில் என்றால் அது வீடன்று, சிறை. 2023-இல் இந்திய அரசு இயற்றிய எண்ணியத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இசைவு கேட்கும் வேண்டுகோளை எட்டாம் அட்டவணை மொழிகளிலும் பெறும் வாய்ப்பை மக்களுக்கு அளிக்கின்றது. தமிழ் அவ்வட்டவணையில் உள்ளது. இசைவு தருதல் எத்துணை எளிதோ, அதனைத் திரும்பப் பெறுதலும் அத்துணை எளிதாதல் வேண்டும் என்றும் அது கூறுகின்றது. அதன் நெறிமுறைகள் 2025 நவம்பரில் வெளியாகிப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சட்டம் வந்து கட்டாயப்படுத்துமுன்னரே இதனைச் செய்யத் தமிழ் இதழாளர்க்குத் தடையென்ன? புதிய நிறுவனத்தைத் தேருங்கால், ‘விலகல் பக்கத்தைத் தமிழில் எழுத இடமுண்டா?’ என்பதை முதல் வினாவாகக் கேட்க.

எந்நிறுவனத்தைத் தேர்வது? நம் நாட்டாருடையதே வேண்டுமென்பார் சிலர். 1996-இல் தொடங்கித் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலும் பணியிடம் அமைத்த சோகோ நிறுவனம், ‘கேம்பெயின்சு’ என்னும் மடற்பணியை நடத்துகின்றது. நம்மவர் உழைப்பை நாம் விரும்புவது இயல்பே. ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்க. ஆனால் நம்மவரது என்பதனாலேயே படியெடுக்காமல் இருந்துவிடலாகாது. யாருடைய வீடாயினும் குடிக்கூலி வீடு குடிக்கூலி வீடுதான். திங்கட்கு ஒருமுறை பட்டியலை, விலகியோர் கூறு உட்பட, இறக்கிக் கடவுச்சொல்லிட்டு நம் கையில் வைத்துக்கொள்க. யார், எந்நாள், எவ்வழியாக இசைந்தார் என்பதையும் பெயரருகே குறித்து வைக்க. அக்குறிப்புத்தான் இன்றைய கையொப்பம்.

இவ்வாறெல்லாம் செய்தபின், 1,800 பெயர் இருந்த பட்டியல் 1,200-ஆகக் குறையலாம். ‘அறுநூறு பேரை இழந்தோமே’ என்று வருந்துவோர்க்கு ஒன்று கூறுவேன். மாண்ட முகவரியும், விலகிய உள்ளமும், என்றும் இசையாத பெயரும் நம்மிடம் இருந்தனவேயல்ல. அவை பதரென நீங்கின. தூற்றிய நெல் அளவிற் குறைந்தது என்று உழவர் அழுவதில்லை. எஞ்சிய ஆயிரத்து இருநூற்றுவரும் தாமே விரும்பிக் கையொப்பமிட்டவர்; அவருள் ஒருவரும் நம் மடலால் இடருறார். அவ்வுறுதியுடன் அடுத்த இதழை விடுக்க.