டெரட்டோமா: பெயரோடு இடமும் வயதும்



கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, கோல குபு பாரு என்று பல திசைகளிலிருந்தும் கெர்லிங் வந்து சேர்ந்திருக்கிறீர்கள். மருத்துவக் கலைச்சொல் கருத்தரங்கைத் தலைநகரில் வைக்காமல் இங்கே வைப்பானேன் என்று சிலர் கேட்டார்கள். அந்தச் சொல் தேவைப்படுகிற ஆள் இங்கேதான் இருக்கிறார் என்றேன்.

நம் மருத்துவமனைகளில் நடப்பது உங்களுக்குத் தெரியும். திசு அறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது. டாக்டர் மலாயில் ‘கெதும்புஹான்’ என்கிறார். பக்கத்தில் நிற்கும் மிஸ்ஸி, தமிழ் தெரிந்தவராக இருந்தால், “கட்டிங்கம்மா” என்கிறார். தோட்டத்திலிருந்து மகளை அழைத்து வந்த தாய் கேட்பது ஒன்றைத்தான்: “புத்துநோயாங்க?” கட்டியின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. தோல், முடி, பல் என்று பலவகைத் திசுக்கள் கலந்து வளரும் கட்டியான டெரட்டோமாவில் இந்தச் சிக்கல் அப்பட்டமாகத் தெரிகிறது. தலைமையுரைக்கு இதை எடுத்துக்கொண்டதன் காரணம் அதுதான்.

இளம்பெண் ஒருத்தியின் சினைப்பையிலிருந்து எடுத்த கட்டி மேசைக்கு வருகிறது என்று வையுங்கள். உடற்சூட்டில் எண்ணெயாக இருந்த கொழுப்பு, அறைக்குளிரில் உறைந்துபோயிருக்கும். அதை வழித்தெடுத்தால் முடிக்கற்றை. உட்சுவரில் ஒரு மேடு தட்டுப்படும். ரோக்கிட்டான்ஸ்கி மேடு என்பார்கள். பல் இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நுண்ணோக்கியில் தோல், குருத்தெலும்பு, சில சமயம் தைராய்டுத் திசுகூடத் தெரியும். எல்லாமே முழு வளர்ச்சி பெற்ற திசு. அனேகமாகத் தீங்கற்றது, அகற்றியதோடு தொல்லை தீர்ந்தது. அரிதாகவே அதனுள் புற்று தோன்றும்.

இதே தோல், இதே குருத்தெலும்பு, அதே வயது இளைஞனின் விந்தகத்தில் கிடைத்தால் கதை வேறு. திசு எவ்வளவு முழுமையாக இருந்தாலும் அது பரவக்கூடியது. விந்தணுவாக வேண்டிய கருவணு அங்கே முன்பே கெட்டிருக்கிறது. 12ஆம் குரோமோசோமின் குட்டைக்கரம் மிகையாகியிருப்பது வழக்கம். இரண்டு வயதுப் பையனின் விந்தகத்திலோ அந்தக் கேடு இல்லை, கட்டியும் தீங்கற்றது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு வகைப்பாடு, பூப்புக்கு முந்திய வகை, பிந்திய வகை என்று இவ்விரண்டையும் பிரித்தது. என்னைக் கேட்டால், வெகு தாமதம்.

பிறந்த குழந்தையின் வால் எலும்புப் பக்கம் வரும் டெரட்டோமாவை ஆல்ட்மன் குழுவினர் 1974ல் நான்கு வகையாக்கினார்கள். எவ்வளவு வெளியே, எவ்வளவு இடுப்புக்குள்ளே என்பதே அங்கு அளவுகோல். திசுவின் பேச்சே இல்லை. கத்தியெடுப்பவருக்கு அதுதான் வேண்டும். வால் எலும்பையும் சேர்த்து எடுக்காவிட்டால் கட்டி திரும்பும்.

இனி நம் மொழிக்கு வருவோம். நோயியல் அறிஞர் விர்ஹோ 1863ல் டெரட்டோமா என்று பெயரிட்டார். அந்தப் பத்தாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்துக்கொண்டிருந்தார். அவர் வேதியியல் நூலுக்கு வைத்த பெயர் ‘கெமிஸ்தம்’. வந்த சொல்லுக்குத் தமிழ் வால் ஒட்டி அனுப்பிவிட்டார். டெரட்டோமாவும் அப்படியே இருக்கட்டும். அதற்குத் தூய தமிழ்ப் பெயர் தேடி ஒரு அமர்வைச் செலவழிக்க வேண்டாம். அதன் முன்னே நிற்கும் அடைமொழிதான் ஆளைக் கவிழ்க்கும்.

முழு வளர்ச்சி பெற்ற வகையை ‘முதிர்ந்த டெரட்டோமா’ என்று எழுதிவிடுகிறோம். நம் வீடுகளில் ‘நோய் முத்திப்போச்சு’ என்றால் என்ன பொருள்? கைவிட்டுப்போனது என்று பொருள். தீங்கற்ற கட்டிக்காரியின் குடும்பம் அழும். ‘முதிராத’ வகைக்காரி, ஆரம்பக் கட்டம்தானே என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். உண்மையில் சினைப்பையில் அஞ்சவேண்டியது அந்த முதிராத வகையைத்தான். அதிலுள்ள பிஞ்சு நரம்புத் திசுவின் அளவைப் பார்த்து நோரிஸ் 1976ல் மூன்று தரம் பிரித்தார். ‘முழுத்திசு’, ‘கருத்திசு’ என்று நான் எழுதிப் பார்க்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் இன்று மாலைக்குள் சொல்லுங்கள்.

பழைய அறிக்கை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி. பிரிட்டிஷ் விந்தகக் கட்டிக் குழுவின் முறையில் ‘மலிக்னன்ட் டெரட்டோமா அன்டிஃபரன்ஷியேட்டட்’ என்றொரு வகை இருந்தது. உலகச் சுகாதார நிறுவன முறையில் அதுவே எம்பிரியோனல் கார்சினோமா. முன்னதில் டெரட்டோமா என்ற சொல் இருக்கிறது. இன்று நாம் டெரட்டோமா என்று சொல்லும் திசுவோ அதில் இல்லை. இது வெறும் பெயர்ச் சண்டையல்ல. 1970களில் சிஸ்பிளாட்டின் வந்தபின், பரவிய விந்தகப் புற்றையும் குணமாக்க முடிகிறது. எம்பிரியோனல் கார்சினோமா அந்த மருந்துக்குக் கரையும். முழுத்திசு டெரட்டோமா கரையாது. மருந்து முடிந்தபின் வயிற்றில் மிஞ்சியதைக் கத்தியால்தான் எடுக்கவேண்டும். விட்டுவைத்தால் வளர்ந்து பக்கத்து உறுப்புகளை நெருக்கும்.

புற்றுநோய்ப் பதிவேடுகளின் ஐசிடி-ஓ குறியீடு இந்த வகையில் நமக்கு நல்ல முன்மாதிரி. டெரட்டோமாவின் எண் 9080. அதன்பின் சாய்கோடு போட்டு 0 என்றால் தீங்கற்றது, 3 என்றால் புற்று, 1 என்றால் உறுதியில்லை. உறுப்புக்கு வேறொரு எண் தனியாக வரும். நோயாளியின் வயதும் பாலும் பதிவிலேயே இருக்கின்றன. தமிழில் நாம் எழுதப்போகும் விளக்கத் தாளிலும் நான்கு செய்தி வேண்டும் என்பது என் முன்மொழிவு: எந்த உறுப்பு, எந்த வயது, எந்தத் திசு, பரவுமா பரவாதா. ஒரே சொல்லுக்குள் நான்கையும் திணிக்க வேண்டியதில்லை. நான்கு வரி எழுதலாம், தாளில் இடமிருக்கிறது.

முதல் அமர்வு சினைப்பைக் கட்டிகள் பற்றியது. வந்திருக்கும் தாதியர்கள் முன்வரிசைக்கு வந்து அமருங்கள். ஒவ்வொரு சொல்லையும் வீட்டார் எப்படிக் கேட்பார்கள் என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள். மருத்துவர்களும் ஆசிரியர்களும் அதன்பிறகு பேசட்டும். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.