வரியை விட்டார்கள், படுக்கையைக் கொடுத்தார்களா?



"கப்பலில் வந்து இறங்கும் ஆஸ்பத்திரி யந்திரத்துக்கும், தறியடியிலும் வயலிலும் நிற்கிற நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

அன்னிய நாட்டு யந்திரத்துக்குச் சுங்கவரி உண்டு. அதை வேண்டாம் என்று சர்க்கார் விட்டுவிட்டால் கஜானாவில் துண்டு விழும். ஒரு கோடி ரூபாய் யந்திரத்துக்கு நூற்றுக்கு நாற்பது வரி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நாற்பது லட்சம் போயிற்று! இட்டு நிரப்புவது யார்? தீப்பெட்டிக்கும் பீடிக்கட்டுக்கும் வரி கொடுக்கிற நாம்தான். ஆகவே அந்த யந்திரத்தில் நமக்கும் பங்கு உண்டு.

இதை சர்க்காரே ஒருமுறை ஒப்புக்கொண்டது. 1988 மார்ச் 1ந் தேதி மத்திய சர்க்கார் 64ம் எண் சுங்க அறிவிப்பை வெளியிட்டது. ஆஸ்பத்திரிச் சாதனங்களுக்கு வரி கிடையாது. ஆனால் நிபந்தனை உண்டு. வெளிநோயாளிகளில் 100க்கு 40 பேருக்காவது இலவச வைத்தியம் செய்ய வேண்டும். மாதம் 500 ரூபாய்க்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பத்தினரைப் படுக்கையில் சேர்த்து இலவசமாகக் கவனிக்க வேண்டும். அவர்களுக்கென்று 100க்கு 10 படுக்கைகளை ஒதுக்கி வைக்க வேண்டும். மற்றவர்களிடமும் நியாயமான கட்டணமே வாங்க வேண்டும்.

அந்த 500 ரூபாயைக் கவனியுங்கள். 1988லேயே நிரந்தர ஆலைத் தொழிலாளியின் சம்பளம் அதைத் தாண்டிவிட்டது. இன்றோ, களை பறிக்கப் போகும் தாய்மார்களே சில நாளில் அதைத் தாண்டிவிடுவார்கள். விலைவாசி ஏறியது, வரம்பு ஏறவில்லை. ஏழைக்கென்று கதவைத் திறந்து வைத்தார்கள். ஏழை குனிந்தும் நுழைய முடியாத உயரத்தில் நிலையை வைத்தார்கள்!

1994ல் அந்த அறிவிப்பை ரத்துச் செய்தார்கள். சலுகை நின்றது, சலுகையில் வந்த யந்திரங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அப்படியானால் கொடுத்த வாக்கு? 1996ல், வரிச்சலுகை கேட்டு ஒரு தனியார் நிறுவனம் தொடுத்த வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட் பதில் சொன்னது. யந்திரத்தைத் துறைமுகத்திலிருந்து எடுத்ததோடு கடமை தீர்ந்துவிடாது. அது தொடர் கடமை. இலவச வைத்தியம் பெற்றவர் எத்தனை பேர் என்று விவரத்தோடு மாதாமாதம் உள்ளூர்ப் பத்திரிகையில் வெளியிட வேண்டும். தவறினால் சர்க்கார் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது. நிபந்தனையை மீறியவரின் யந்திரத்தைப் பறிமுதல் செய்யலாம், வரியையும் வசூலிக்கலாம் என்று 2001ல் இன்னொரு வழக்கிலும் அதே கோர்ட் சொன்னது.

ஆஸ்பத்திரி விளம்பரங்களைப் பத்திரிகையில் நிறையப் பார்க்கிறோம். இந்தப் பட்டியலைப் பார்த்தவர் யார்?

சலுகையே கூடாது என்பதல்ல நமது வாதம். புற்றுநோய்க்குக் கதிர் வைத்தியம் செய்யும் யந்திரம் வரத்தான் வேண்டும், மலிவாகவும் வர வேண்டும். 2021 ஏப்ரலில் கொரோனா கொள்ளை கொண்டபோது ஆக்சிஜன் சாதனங்களுக்கும் தடுப்பூசிக்கும் சுங்கவரியை நீக்கினார்கள், நீக்கியது சரிதான். வரியை விடும்போது அதன் பலன் நோயாளியின் பில்லில் தெரிய வேண்டும் என்கிறோம். எத்தனை இலவசப் படுக்கை, யாருக்கு என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே தமிழில் எழுதிப் போட வேண்டும் என்கிறோம். வருமான வரம்பை விலைவாசியோடு சேர்த்து உயர்த்த வேண்டும் என்கிறோம்.

மனு எழுத வக்கீல் வேண்டியதில்லை. 2005ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. நமது ஊர் ஆஸ்பத்திரிகளில் எவை வரிச்சலுகை பெற்றன, எந்த நிபந்தனையில் பெற்றன, நிபந்தனையைச் சோதித்தது யார், எந்தத் தேதியில்? சுங்க இலாகாவுக்கும், மத்திய சுகாதார சேவைகள் டைரக்டர் ஜெனரல் ஆபீசுக்கும் சங்கத் தோழர் ஒருவர் தம் பெயரில் எழுதிக் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர் என்று சான்று வைத்திருப்பவருக்கு அதுவும் இல்லை.