பதிவேட்டில் எழுதிய பெயர்



பள்ளிக்கூட நாளில் பிடித்த ஆசிரியரைப் பற்றிப் பேச வேண்டும் என்று இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். கேட்பதற்கு மென்மையான தலைப்பு. நம் மக்களுக்கு அது அவ்வளவு மென்மையானதில்லை. சேரியில் வளரும் பிள்ளைக்கு அம்மாவும் அப்பாவும் சாதியைச் சொல்லி வளர்ப்பதில்லை. பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானையும் கடைசி வரிசையும்தான் பலருக்கு அதை முதலில் சொல்லிக் கொடுத்தன.

அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலில் தன் பள்ளி நாட்களை எழுதியிருக்கிறார். வகுப்பில் தனியாக ஒரு கோணிச்சாக்கில் உட்கார வேண்டும். பள்ளியைக் கூட்டுகிற ஆள்கூட அந்தச் சாக்கைத் தொடமாட்டார் என்பதால், மாலையில் வீட்டுக்குத் தூக்கிச் சென்று மறுநாள் கொண்டுவர வேண்டும். தாகம் எடுத்தால் பியூன் வந்து குழாயைத் திறக்க வேண்டும். பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை. அதே அம்பேத்கர் 1956இல் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கு எழுதிய முன்னுரையில் தாதா கேலுஸ்கரை நினைவுகூர்கிறார். கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் பம்பாயில் ஆசிரியராக இருந்தவர். பள்ளி மாணவனாக இருந்த பீமராவைப் பாராட்டிச் சமூகத்தார் கூட்டிய கூட்டத்தில், மராத்தியில் தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அந்தச் சிறுவன் கையில் கொடுத்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் நடந்ததற்கு முன்னால் அந்தப் புத்தகம் இருக்கிறது. கோணிச்சாக்கும் புத்தகமும் ஒரே மாணவனின் வாழ்வில் வந்தவை. இரண்டையும் சேர்த்துத்தான் நாம் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச முடியும்.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 1845இல் பிறந்த அயோத்திதாசப் பண்டிதருக்குப் பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி தந்த அயோத்திதாச கவிராஜ பண்டிதரின் பெயரையே தம் பெயராக்கிக்கொண்டார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி நம் வரலாற்றை நாமே எழுதலாம் என்று காட்டியவரின் பெயர், ஓர் ஆசிரியரின் பெயர். ஆரணிப் பக்கத்தில் முனுசாமியாகப் பிறந்தவர், குருவாக ஏற்ற கரபாத்திர சுவாமிகளிடம் சகஜானந்தர் என்ற பெயரைப் பெற்றார். அவர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் அது. நந்தன் கதையை வைத்துப் பக்தியையும் பணிவையும் போதித்துக்கொண்டிருந்த ஊரில், நந்தன் பெயரிலேயே எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இவர்கள் ஏன் ஆசிரியர் தந்த பெயரைச் சுமந்தார்கள்? நம் பெயர் நம் கையில் இல்லாத காலம் அது. அந்தக் காலம் இந்தக் குடவாசல் பக்கத்தில் எவ்வளவு நாள் நீடித்தது என்பதைச் சொல்லத்தான் எங்கள் வாத்தியாரைப் பற்றிச் சொல்கிறோம். அவர் குடும்பத்தார் விளம்பரம் விரும்பாததால் பெயரைச் சொல்லவில்லை.

1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. செங்கொடியின் கீழ் நம் மக்கள் போராடிச் சவுக்கடியையும் சாணிப்பாலையும் நிறுத்தினார்கள். ஆனால் காரியக்காரர் நோட்டில் எங்கள் அப்பாக்களின் பெயர் மாறவில்லை. நெட்டையன், கருப்பன் மவன், வாய்க்கா மேட்டான் என்றுதான் இருக்கும். எத்தனை மரக்கால் கூலி என்பதற்கு ஓர் அடையாளம் போதும், பெயர் எதற்கு?

வெண்மணியில் 44 பேரைக் கொளுத்திச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்குப் புதிதாக வந்த வாத்தியார் முதல் வாரத்தில் வருகைப் பதிவேட்டைப் புதிதாக எழுத உட்கார்ந்தார். அப்பா பெயர் என்ன என்று கேட்டார். நாங்கள் நோட்டில் இருக்கிற பெயரைச் சொன்னோம். "அது கூப்பிடுற பேரு. அவரு பேரு என்ன? வீட்ல கேட்டுட்டு வாங்க" என்று அனுப்பினார். அன்று சாயங்காலம் தெருவே பேசியது. எங்களில் ஒருவரின் அப்பா, "எம் பேர வாத்தியாரு கேட்டாரா?" என்று இரண்டு முறை கேட்டார். மறுநாள் கோவிந்தராசு, சாமிநாதன், அஞ்சலை மகன் நாகப்பன் என்று பெயர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தன. அப்பா இல்லாத பிள்ளைக்கு அம்மா பெயரை எழுதினார். எங்களில் சிலருக்கு அப்பாவின் முழுப்பெயர் தெரிந்ததே அன்றைக்குத்தான்.

அவர் செய்த மற்ற காரியங்களும் இப்படிச் சின்னச் சின்னவை. குறுவை அறுப்பிலும் சம்பா நடவிலும் அம்மாக்கள் விடியுமுன்னே வயலுக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தையைப் பார்க்க மூத்த பெண் வீட்டில் நின்றுவிடும். தொடர்ந்து வரவில்லை என்று பெயரை அடித்துவிடுவது அப்போது வழக்கம். அவர் அடிக்கவில்லை. "தம்பியயும் தூக்கிட்டு வா" என்றார். வகுப்பின் மூலையில் தூளி தொங்கியது. தண்ணீர்ப் பானைக்கு ஒரே குவளை வைத்தார். முதலில் தான் குடித்துவிட்டு, எங்களில் ஒருவனைக் குடிக்கச் சொன்னார், பிறகு ஊர்த்தெருப் பிள்ளைகளை. இரண்டு நாள் அந்தப் பிள்ளைகள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தார்கள். வேறு பள்ளிக்கூடம் பக்கத்தில் இல்லை.

அவர் நம்மவர்தானா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அதற்காக அவரைத் தெய்வமாக்கத் தேவையில்லை. அவரும் அதை விரும்பியதில்லை. எங்கள் பெற்றோர் பூசணியும் மீனும் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "கவர்மெண்டு சம்பளம் தருது, வேலையத்தானே செய்யிறேன்" என்று திருப்பி அனுப்பினார். அந்தச் சொல்லைத்தான் நாங்கள் பெரிதாக நினைக்கிறோம். இரக்கப்பட்டுச் சொல்லிக் கொடுத்திருந்தால் நாங்கள் காலமெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டே இருந்திருப்போம். கடமை என்று சொல்லிச் செய்ததால், கேட்டு வாங்க வேண்டிய உரிமை இது என்று எங்களுக்குப் புரிந்தது.

இந்தக் கதையின் அடுத்த பகுதிதான் இந்த அரங்கத்துக்கு முக்கியம். மூன்றாம் ஆண்டு அவருக்கு மாற்றல் வந்தது. மனு கொடுத்தது யார் என்று ஊருக்கே தெரியும். அடுத்து வந்தவர் தூளியை அவிழ்த்தார், குவளையை இரண்டாக்கினார். ஒரே ஆண்டில் எங்கள் வகுப்புப் பெண்பிள்ளைகளில் பாதிப் பேர் நின்றுபோனார்கள். அவர்களில் ஒருத்தியும் மக்கு இல்லை. ஒரு மனிதரின் நல்ல மனத்தில் மட்டும் நிற்கிற நீதி, அவர் பஸ் ஏறியதும் போய்விடுகிறது.

ஆகவே தோழர்களே, பிடித்த ஆசிரியரை நினைப்பது என்றால், அவர் தனியாளாகச் செய்ததை எல்லாப் பள்ளிக்கும் விதியாக்குவது. இது பழைய கதை என்று யாரும் சொல்ல வேண்டாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், படிப்பில் முன்னால் நின்ற நம் மாணவன் ஒருவனை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, கையில் சாதிக் கயிறு கூடாது என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் உண்டு. எத்தனை பேர் அதைப் படித்திருக்கிறோம்? நம் ஊர்ப் பள்ளியில் அதில் எது நடக்கிறது என்று எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்?

இன்னொன்று. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக 2023 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். தனித் துறையில் வைத்தால் புறக்கணிப்பு என்று ஒரு சாரார், இணைத்தால் நம் பிள்ளைகளுக்கென்று இருந்த இடமும் பணியிடமும் போய்விடும் என்று இன்னொரு சாரார். இரண்டு அச்சத்திலும் உண்மை இருக்கிறது. எங்கள் கருத்து இதுதான்: எந்தத் துறையானாலும் முதலில் ஆசிரியர் வேண்டும். பெயர்ப்பலகையைப் பற்றி விவாதிக்கும் வேளையில் காலிப் பணியிடத்தை எண்ண மறந்துவிடக் கூடாது.

மாணவர்களுக்கு இரண்டு வேலை கொடுக்கிறோம். இன்று குடவாசலிலேயே அரசுக் கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. நாங்கள் தொடக்கப் பள்ளி தாண்டத் தவித்த ஊர் இது. உங்கள் பாட்டன் பாட்டியிடம் போய், பள்ளிக்கூடம் போனீர்களா, யார் சேர்த்தார்கள், ஏன் நின்றீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். கே.ஏ. குணசேகரனின் 'வடு'வும் பாமாவின் 'கருக்கு'ம் அப்படித்தான் நம் பள்ளி நாட்களை இலக்கியத்துக்குள் கொண்டுவந்தன. காவிரிக் கடைமடையின் சேரிப் பள்ளி வரலாறு இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது. பாதியில் நின்ற பெண்களிடம் முதலில் போங்கள். அவர்களுக்கு வயதாகிறது.

இரண்டாவது, உங்களில் பலர் ஆசிரியராகப் போகிறீர்கள். முதல் நாள் பதிவேட்டை எழுதும்போது பிள்ளையின் பெயரை, அதைப் பெற்றவர்களின் பெயரை, முழுதாகக் கேட்டு, பிழையில்லாமல் எழுதுங்கள். பத்து நாள் ஒரு பெயருக்கு நேரே வரவில்லை என்று குறித்தால், பதினோராம் நாள் அந்த வீட்டுக்குப் போங்கள்.