எந்த ஊர்க் களிமண்?



"தலையில் என்ன களிமண்ணா இருக்கிறது?" வகுப்பில் நம்மில் பலர் கேட்டுவிட்ட கேள்வி இது. நானும் கேட்டிருக்கிறேன். களிமண்ணை நன்கு அறிந்த ஒருவரைப் பற்றிப் படித்த பிறகு அப்படிக் கேட்பதை விட்டுவிட்டேன்.

அவர் பெயர் கனேஷிகே தோயோ. 1896 முதல் 1967 வரை வாழ்ந்த ஜப்பானியக் குயவர். ஒகயாமா மாநிலத்தில், பிசென் மட்பாண்டங்களுக்குப் பெயர்பெற்ற இம்பே என்ற ஊர்க்காரர்.

பிசென் மண் நெல்வயலுக்கு அடியிலிருந்து தோண்டப்படுவது. இரும்புச்சத்தும் ஒட்டும் தன்மையும் மிகுந்தது. கையில் நன்றாக வளைந்துகொடுக்கும், சூளையில்தான் தொல்லை. அதிகம் சுருங்கும். பளபளப்புப் பூச்சு அதில் சரியாக நிற்காது. சூட்டைச் சட்டென்று ஏற்றினால் விரிசல் விடும்.

உதவாத மண் என்று அதை அந்த ஊர்க் குயவர்கள் ஒதுக்கவில்லை. தங்கள் வேலைமுறையை மண்ணுக்கேற்ப அமைத்துக்கொண்டார்கள். பூச்சில்லாமலே சுட்டார்கள். பைன் விறகிட்டு, ஒரு வாரத்துக்கும் மேலாக இரவுபகல் எரித்து, 1200 டிகிரி செல்சியஸ் வரை மெல்ல மெல்லச் சூடேற்றினார்கள். பறந்து படியும் சாம்பலே உருகிப் பூச்சாகிவிடும். கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க வைத்த வைக்கோல், மண்ணிலுள்ள இரும்போடு வினைபுரிந்து சிவப்புக் கோடுகளைப் பதிக்கும். இதற்கு 'ஹிதாசுகி' என்று பெயர். இன்று விரும்பி வாங்கப்படும் அழகு அது.

கனேஷிகேயின் இளமைக் காலத்தில் இந்தக் கலை நலிந்திருந்தது. நுணுக்கமான சிற்றுருவங்கள் செய்து அவர் பெயர் பெற்றிருந்தார். ஆயினும் அதை விட்டு, 16ஆம் நூற்றாண்டின் பழைய தேநீர்க் கலங்கள் எப்படி அமைந்தன என்று ஆராய்ந்தார். மண்ணையும் சூளையையும் புதிதாகக் கற்றார். 1956இல் ஜப்பான் அரசு அவரை 'வாழும் தேசியச் செல்வம்' எனச் சிறப்பித்தது.

இதைப் படித்தபோது ஒரு மாணவி நினைவுக்கு வந்தாள். ஆறாம் வகுப்பு. வாசிக்க எழுந்தால் முதல் சொல்லிலேயே திணறுவாள். ஒருநாள், "நேரமில்லை, உட்காரும்மா" என்றேன். அந்த ஆண்டு முழுவதும் அவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை. அந்த விரிசல் என் அவசரத்தால் வந்தது.

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர், கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் விடைக்காகச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டறிந்தார். மூன்று விநாடி காத்திருந்தபோது விடைகள் நீண்டன. பேசாதிருந்த பிள்ளைகளும் பேசினார்கள். பிசென் சூளைக்குப் பல நாட்கள் வேண்டும். நம்மிடம் ஒரு குழந்தை கேட்பது கூடுதலாக இரண்டே விநாடிகள்.

நாளை காலை கேள்வி கேட்டதும் மனத்துக்குள் மூன்று வரை எண்ணிப் பாருங்கள். யார் தலையிலாவது களிமண் என்று சொல்லத் தோன்றினால், பிசென் குயவர் கேட்டிருக்கக்கூடியதை உங்களையே கேளுங்கள்: "எந்த ஊர்க் களிமண்? அதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்?"